பாட்டி வைத்துப்போன வெள்ளிக்காசு: தரம் பார்ப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கைக்கடிகாரம் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கண்ணில் லென்ஸ் மாட்டி உட்கார்ந்திருப்பவனிடம் பழைய காசைக் காட்டிக் கேட்பது ஊருக்கு வழக்கமாகிவிட்டது. தோட்டங்களிலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பங்களில் ஒரு தகரப் பெட்டியோ சுருக்குப் பையோ சாமி மேடையில் ஒரு கிண்ணமோ இருக்கும். அதற்குள் நாலைந்து வெள்ளிக்காசு இருக்கும். நானும் 30 ஆண்டுகளாக வெள்ளிக்காசு சேர்க்கிறேன். ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதிவைக்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: ஐந்தாம் கேள்வியைப் படித்து முடிக்கும்வரை காசைத் துலக்காதீர்கள்.

1. "அண்ணே, இது நூறு வருடக் காசு. பழையது என்றாலே விலை அதிகம்தானே?"

வயதுக்கென்று தனி விலை கிடையாது. அந்த ஆண்டுக் காசு எத்தனை மிச்சம் இருக்கிறது, அதை எத்தனை பேர் தேடுகிறார்கள், கையில் இருப்பது எந்த நிலையில் இருக்கிறது என்ற மூன்றும் சேர்ந்துதான் விலையாகின்றன. முதல் இரண்டும் நம் கையில் இல்லை. மூன்றாவதைத்தான் தரம் என்கிறோம்.

அச்சுச்சாலையை விட்டு வெளியே வந்த நாளில் காசுக்கு இருந்த மேற்பரப்பில் இன்று எவ்வளவு பிழைத்திருக்கிறது என்பதே தரம். ஒரே ஆண்டில் அடித்த இரண்டு டாலர்களில் ஒன்று உருக்கும் வெள்ளியின் விலைக்கும், மற்றொன்று அதைப் போல் பல மடங்குக்கும் போவது இதனால்தான்.

2. "எல்லாமே வெள்ளை நிறமாகத்தான் இருக்கின்றன. இவற்றில் எது உண்மையான வெள்ளி?"

ரிங்கிட்டை நாம் இன்றும் வெள்ளி என்றே சொல்கிறோம். அந்தப் பெயருக்கு முழுத் தகுதி உள்ளது, சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகியவை சேர்ந்த பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் 1903-இல் வந்த நீரிணைக் குடியேற்ற டாலர். தலைப் பக்கம் முடி சூடிய ஏழாம் எட்வர்டு, பூப் பக்கம் சீன எழுத்தும் ஜாவி எழுத்தும். எடை 26.95 கிராம், ஆயிரத்தில் 900 பங்கு வெள்ளி. 1906-இல் டாலரின் மதிப்பை இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸ் என்று நிலைநிறுத்தினார்கள். வெள்ளி விலை ஏறியதால் காசை உருக்கி விற்பதே லாபம் என்ற நிலை வந்தது. அதைத் தடுக்க 1907 முதல் எடையை 20.21 கிராமாகக் குறைத்தார்கள். 1919, 1920, 1925, 1926 ஆகிய ஆண்டுகளைத் தாங்கிய ஐந்தாம் ஜார்ஜ் டாலர் 16.85 கிராம், அதில் பாதிதான் வெள்ளி. ஒரே பெட்டியில் மூன்று அளவில் டாலர் இருந்தால் ஒன்று போலி என்று பயப்பட வேண்டாம்.

சில்லறையில், மலாயா என்று பொறித்த 1939, 1941-ஆம் ஆண்டுப் பத்துக்காசும் 1939-ஆம் ஆண்டு இருபது காசும் 750 பங்கு வெள்ளி. 1943, 1945 என்றால் 500 பங்கு. 1948 முதல் வந்தவை செம்பும் நிக்கலும் கலந்தவை. தாத்தாக்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த இந்திய ரூபாய் 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940 முதல் அதுவும் பாதியாகிவிட்டது.

3. "நீங்கள் லென்ஸில் என்னதான் பார்க்கிறீர்கள்? நானே வீட்டில் பார்க்க முடியாதா?"

தாராளமாகப் பார்க்கலாம். பத்து மடங்கு லென்ஸும் ஒரே ஒரு மேசை விளக்கும் போதும். குழல் விளக்கு வேண்டாம். அதன் பரவலான வெளிச்சம் கீறலை மறைத்துவிடும். மேசையில் துண்டை விரித்து, காசை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். விரல் நுனி எண்ணெய் தளத்தில் பட்டால் சில மாதங்களில் ரேகையே அச்சாகப் பதிந்துவிடும்.

முதலில் லென்ஸ் இல்லாமல் வெறும் கண்ணால், விளக்கின் கீழ் காசை மெல்லச் சாய்த்துச் சுழற்றுங்கள். அச்சடிக்கும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடுகிறது. அந்த ஓட்டத்தின் நுண்ணிய வரிகள் மேல் வெளிச்சம் பட்டால், வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள் சுழல்வதுபோல் ஒளிக்கற்றைகள் சுற்றி வரும். சேகரிப்பாளர்கள் இதை லஸ்டர் என்பார்கள். நான் மினுக்கம் என்று சொல்கிறேன். துலக்கிய பாத்திரத்தின் பளபளப்பு வேறு. அது சுழலாது, கண்ணாடிபோல் ஒரே இடத்தில் நிற்கும். இந்த இரண்டையும் பிரித்தறியும் கண் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பிறகு லென்ஸில் மேடுகளைப் பாருங்கள். எட்வர்டு டாலரில் கிரீடத்தின் முத்துகள், காதுக்கு மேலுள்ள முடி, தாடி. ஜார்ஜ் ரூபாயில் கிரீடத்தின் கற்கள், காது, மார்புச் சங்கிலியில் தொங்கும் குட்டி யானை. (1911-ஆம் ஆண்டு ரூபாயில் அந்த யானை பன்றிபோல் தெரிகிறது என்று எதிர்ப்பு எழுந்ததால் அடுத்த ஆண்டு தும்பிக்கையைத் திருத்திச் செதுக்கினார்கள். அதனால் 1911 ரூபாய் கிடைத்தால் யானையை இரண்டு முறை பாருங்கள்.) மேடுகள்தான் முதலில் தேயும். அவை மினுக்கம் இழந்து மங்கிய சாம்பல் நிறமாகத் தெரிந்தால் தேய்மானம் தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகு வெறும் தளம், எழுத்துகள், கடைசியாக விளிம்பு.

4. "வி.எஃப்., ஏயூ, எம்எஸ் 63 என்றெல்லாம் எழுதுகிறார்களே, அந்த எண் எங்கிருந்து வருகிறது?"

வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் 1949-இல் தம் நாட்டுப் பழைய செப்புச் சென்ட்டுகளுக்காக 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். உலகம் பிறகு அதையே எல்லாக் காசுகளுக்கும் எடுத்துக்கொண்டது. 60 முதல் 70 வரை எம்எஸ், புழக்கத்தில் தேயாதவை. 50 முதல் 58 வரை ஏயூ; மேடுகளின் உச்சியில் மட்டும் லேசான உரசல். 40, 45 இ.எஃப். என்ற வரிசை. 20 முதல் 35 வரை வி.எஃப்.; உருவம் தெளிவு, நுணுக்கம் பாதி போயிற்று. 12, 15 எஃப். அதற்குக் கீழே போனால் அரசர் தலை நிழல்போல் ஆகிவிடும். தோட்டத்துப் பெட்டிகளிலிருந்து என் மேசைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை எஃப்., வி.எஃப். வரிசையில்தான் விழுகின்றன. கை மாறிக் கை மாறி உழைத்த காசு அவை. அதில் குறைபட ஒன்றுமில்லை.

பிரிட்டிஷ் விற்பனையாளர்கள் எண் போடாமல் எழுத்து மட்டும் போடுவார்கள்; அளவும் கறாராக இருக்கும். அவர்கள் இ.எஃப். என்று எழுதுவது அமெரிக்கக் கணக்கில் பெரும்பாலும் ஏயூ-வில் விழும். ஆகவே ஒரு தரத்தைக் கேட்டவுடன் அது யாருடைய அளவுகோல் என்று கேளுங்கள்.

5. "தீபாவளிக்கு எல்லாவற்றையும் புளி போட்டுத் துலக்கி, விபூதியால் தேய்த்துப் புதுசாக்கிவிட்டேன். இப்போது விலை கூடுமா?"

குறையும். இதை ஒவ்வொரு முறையும் வருத்தத்தோடுதான் சொல்கிறேன், ஏனென்றால் கேட்பவர்கள் அந்தக் காசை மதித்துத்தான் துலக்கியிருக்கிறார்கள். வெள்ளிக் குத்துவிளக்குக்கும் கொலுசுக்கும் விபூதி நல்லதுதான். காசுக்கு நல்லதல்ல. விபூதி என்ன மென்மையாக இருந்தாலும் அது பொடி. தேய்க்கும்போது தளத்தில் ஆயிரக்கணக்கான மயிரிழைக் கீறல்களைப் போடுகிறது. புளியின் அமிலம் மேற்பரப்பை அரிக்கிறது. மூன்றாம் பதிலில் சொன்ன உலோக ஓட்ட வரிகள் இரண்டுக்கும் பலியாகின்றன. ஒருமுறை அழிந்த மினுக்கத்தை எந்த ரசாயனமும் திருப்பித் தராது.

துலக்கிய காசைக் கண்டுபிடிப்பது எளிது. விளக்கின் கீழ் சாய்த்தால் கீறல்கள் எல்லாம் ஒரே திசையிலோ சின்னச் சின்ன வட்டங்களாகவோ ஓடும். எழுத்துகளின் அடி இடுக்குகளில் கறுப்பு நிற்க, தளம் மட்டும் வெள்ளை வெளேர் என்று இருக்கும். தரம் குறிக்கும் நிறுவனங்கள் இத்தகைய காசுக்கு எண் தராமல், 'இ.எஃப். அளவு விவரம், துலக்கப்பட்டது' என்ற பொருளில் எழுதி அனுப்பிவிடும்.

அலுமினியத் தாளும் சோடா உப்பும் போட்ட வெந்நீரில் முக்கும் வித்தையும் வேண்டாம். கறுப்பு போகும், ஆனால் காசு உயிரில்லாமல் வெளிறிப்போகும். கடையில் விற்கும் வெள்ளி கழுவும் திரவமும் முக்க முக்க மேற்பரப்பைக் கரைக்கும். இருபது வயதில் நானே ஒரு 1920 டாலரை உலோகப் பாலிஷ் போட்டுத் தேய்த்தேன். அதை இன்னும் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். துலக்கலாமா என்று கேட்டு வருபவர்களிடம் அதையே எடுத்துக் காட்டுகிறேன்.

6. "அப்படியானால் கறுத்துப்போனதை அப்படியே விட வேண்டுமா? பார்க்கவே அசிங்கமாக இருக்கிறது."

அந்தக் கறுப்பு, காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டாகும் மெல்லிய படலம். பல ஆண்டுகள் காகிதத்திலோ பெட்டியிலோ மெதுவாக ஏறியிருந்தால் மஞ்சள், செம்மை, நீலம் என்று படிப்படியாக வரும். அதன் அடியில் மினுக்கம் சுழலும். அந்த நிறத்துக்காகவே கூடுதல் விலை கொடுப்பவர்கள் உண்டு. மினுக்கத்தையே மூடிய தடித்த கறுப்பு தரத்தைக் குறைக்கும். என்றாலும் அதைத் துடைத்தெடுத்தால் இன்னும் குறையும்.

நம் வட்டாரத்தில் ஒரு தனிப் பகை உண்டு: ரப்பர் வளையம். பால்மரத்தை நம்பிப் பிழைத்த ஊரில் எதையும் ரப்பர் வளையம் போட்டுக் கட்டுவது இயல்பு. ஆனால் ரப்பரைப் பதப்படுத்துவதே கந்தகத்தால்தான். வளையம் பட்ட இடத்தில் காசின் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு விழுந்து நிலைத்துவிடும்.

பச்சையாக, பிசுபிசுப்பாக ஏதாவது ஒட்டியிருந்தால் அது வேறு. மலிவான பிளாஸ்டிக் உறையிலுள்ள பி.வி.சி. கசிந்து வந்த விஷம் அது. விட்டால் உலோகத்தைத் தின்னும். கலப்பில்லாத அசிட்டோனில் சற்று நேரம் ஊறவைத்து, தேய்க்காமல் எடுத்து உலர்த்தலாம். நகச்சாயம் அழிக்கும் திரவம் கூடாது. அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் அடுப்புக்கும் சாமி விளக்குக்கும் அருகில் திறக்காதீர்கள்.

7. "மேட்டில் நுணுக்கம் இல்லை என்றாலே தேய்ந்தது என்று சொல்லிவிடலாமா?"

அவசரப்படக் கூடாது. அச்சு அழுத்தம் போதாமல் பிறவியிலேயே நுணுக்கம் விழாத காசுகள் உண்டு. 1895 முதல் 1935 வரை அடித்த பிரிட்டிஷ் வணிக டாலரில், திரிசூலமும் கேடயமும் ஏந்தி நிற்கும் பிரிட்டானியாவின் உடல் நடுவில் மங்கலாக இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மங்கலான இடத்தை விளக்கின் கீழ் சாய்த்துப் பாருங்கள். மினுக்கம் அந்த இடத்தின் மேலும் தடையில்லாமல் ஓடினால் அழுத்தக் குறை. அங்கே மட்டும் அறுந்து சாம்பல் நிறமாக நின்றால் தேய்மானம். அழுத்தக் குறை உள்ள காசு 60-க்கு மேலும் எண் பெறலாம். தேய்ந்த காசு பெற முடியாது.

8. "என் காசும் மாமா காசும் ஒரே தரம் என்றீர்கள். அவருக்கு மட்டும் அதிக விலை கேட்கிறார்களே?"

ஒரு தரத்துக்குள்ளேயே மேல் கீழ் உண்டு. தேய்மானம் சமமாக இருந்தாலும், அரசரின் கன்னத்தில் விழுந்த ஒரு வெட்டு முடிக்குள் மறைந்த மூன்று வெட்டுகளைவிடப் பெரிய குறை, ஏனென்றால் கண் முதலில் போவது கன்னத்துக்கு. விளிம்பில் இடித்த பள்ளம், சமமில்லாத கறை, ஒரு பக்கம் நன்றாக இருந்து மறுபக்கம் தேய்ந்திருப்பது எல்லாம் கணக்கில் வரும். இரு பக்கமும் வேறுபட்டால் நான் தாழ்ந்த பக்கத்தின் தரத்தையே சொல்கிறேன்.

ஒப்பிடுவதற்கு நான் பின்பற்றும் முறை இது. ஒரே வகைக் காசுகளை மட்டும் பக்கத்தில் வைப்பேன். எட்வர்டு டாலரை ஜார்ஜ் ரூபாயோடு ஒப்பிட மாட்டேன், இரண்டும் தேயும் விதமே வேறு. ஒரே விளக்கு, ஒரே கோணம். முதலில் தேய்மானத்தை மட்டும் பார்த்து இரண்டுக்கும் எண் எழுதிக்கொள்வேன். பிறகு மேற்பரப்பு, அதன் பிறகு அழுத்தம், கடைசியாகக் கண்ணுக்கு எப்படி இருக்கிறது என்பது. மறுநாள் காலை எழுதியதைப் பார்க்காமல் மீண்டும் ஒருமுறை எண் போடுவேன். இரு நாள் எண்ணும் வெகுதூரம் விலகினால் எனக்கு இன்னும் அந்தக் காசு பிடிபடவில்லை என்று பொருள். சரியாகத் தரம் தெரிந்த ஒரு காசு கையில் இருந்தால் அதையே அளவுகல்லாக நடுவில் வைத்துக்கொள்ளலாம்.

9. "அம்மாச்சியின் காசு மாலையில் ரூபாய் இருக்கிறது. வளையத்தைப் பிரித்து எடுத்தால் தரம் கிடைக்குமா?"

கிடைக்காது. பற்றவைத்த இடத்தில் விளிம்பின் வரிகள் உருகிப்போயிருக்கும்; வளையத்தை அகற்றினாலும் அந்தத் தழும்பு நிற்கும். துளையிட்டு அடைத்ததும் அப்படியே. அதற்கு நகையிலிருந்து எடுத்தது என்ற குறிப்போடுதான் மதிப்புப் போடுவார்கள். அது பெரும்பாலும் வெள்ளியின் எடை விலையை ஒட்டியே இருக்கும். முழு எடையுள்ள ரூபாயில் ஏறக்குறைய 10.7 கிராம் வெள்ளி இருக்கிறது.

என் கருத்தைக் கேட்டால், மாலையைப் பிரிக்காதீர்கள். பிரித்தால் காசாகவும் முழுமை இல்லை, மாலையாகவும் இல்லை. அம்மாச்சி கழுத்தில் கிடந்த பொருளாக அது இன்னும் குறைவில்லாமல் இருக்கிறது.

10. "இந்த டாலரில் சீன எழுத்து குத்தியிருக்கிறது. யாரோ பாழாக்கிவிட்டார்களா?"

காசோடு வந்த எழுத்தா, பிறகு குத்தியதா என்று முதலில் பாருங்கள். பிரிட்டிஷ் வணிக டாலரிலும் நீரிணை டாலரிலும் சீன எழுத்து அச்சின் பகுதிதான். அதற்கு மேல் பள்ளமாகக் குத்திய சிறு முத்திரைகள், வெள்ளி சுத்தமானதா என்று சோதித்த சீன வணிகர்கள் இட்டவை. எண் தரத்தை இவை பாதிக்கும். ஆனால் இத்தகைய முத்திரைக் காசுகளை மட்டுமே தேடிச் சேர்ப்பவர்கள் உண்டு. பெரிய தர நிறுவனங்களும் இவற்றைத் தனி வகையாகக் குறித்துத் தரம் தருகின்றன. ஐந்தாம் பதிலில் சொன்ன சேதத்தோடு இதைச் சேர்க்காதீர்கள்.

11. "ஜப்பான்காரன் காலத்தில் மண்ணில் புதைத்து வைத்தது. கழுவினாலும் சொரசொரப்பு போகவில்லை."

போகாது. மண்ணின் ஈரமும் உப்பும் உலோகத்தைத் துளைத்திருக்கின்றன. உருவம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மண்ணரிப்பு என்ற குறிப்பு வரும். ஜப்பான்காரன் அச்சிட்ட வாழைமரத் தாள் பணம் 1945-இல் வெறும் காகிதமானபோது அந்தக் குடும்பத்துக்குக் கைகொடுத்த காசு அது. யார் எங்கே புதைத்தார்கள் என்று ஒரு சீட்டில் எழுதிக் கூடவே வையுங்கள்.

12. "போலியைக் கண்டுபிடிக்க வழி சொல்லுங்கள். தரம் பார்த்த பிறகு போலி என்று தெரிந்தால் என்ன செய்வது?"

அதனால் வரிசையை மாற்றுங்கள்: முதலில் உண்மையா என்று பாருங்கள், பிறகுதான் தரம். வணிக டாலரிலும் நீரிணை டாலரிலும் போலிகள் மிக அதிகம். காந்தம் ஒட்டினால் அதோடு முடிந்தது. ஆனால் ஒட்டவில்லை என்பதால் மட்டும் நம்பிவிடக் கூடாது. இரண்டாம் பதிலிலுள்ள எடையோடு ஒப்பிடுங்கள். தேய்ந்த காசு சற்றுக் குறையலாம். தெளிவான காசு குறைந்தாலோ, எந்தக் காசானாலும் கூடினாலோ சந்தேகப்படுங்கள்.

வீட்டிலேயே நீர்ச் சோதனை செய்யலாம். பத்தில் ஒரு கிராம் காட்டும் தராசில் ஒரு குவளைத் தண்ணீரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியில் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். 26.95 கிராம் டாலர் என்றால் தராசு ஏறக்குறைய 2.6 காட்ட வேண்டும். எடையை இந்த எண்ணால் வகுத்தால் 10.3 அருகில் வரும். 900 பங்கு வெள்ளியின் அடர்த்தி அது. வேறு மலிவான உலோகம் என்றால் இந்த எண் நழுவிவிடும். காசை உலரவைக்கும்போது துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

13. "கண்ணாடிபோல் மின்னும் புரூஃப் காசுதான் எல்லாவற்றிலும் உயர்ந்த தரமா?"

புரூஃப் என்பது தயாரிக்கும் முறையின் பெயர். மெருகேற்றிய அச்சால், மெருகேற்றிய தகட்டின் மேல், சேகரிப்பாளர்களுக்காகவே அடிப்பது. 1976-இல் வந்த இருவாய்ச்சிப் பறவை பொறித்த 25 ரிங்கிட் வெள்ளிக்காசு, சாதாரணம், புரூஃப் என்று இரு விதமாகவும் உண்டு. புரூஃபுக்கும் அதே 70 வரையிலான எண்தான். கைபட்டால் அதன் எண்ணும் இறங்கும்.

14. "ஏயூ 58 காசு எம்எஸ் 61-ஐவிட அழகாக இருக்கிறது. எண் தவறா?"

எண் தவறில்லை, கேள்வியும் தவறில்லை. 58 என்பது மேட்டில் ஒரு சிறு உரசல் தவிர மற்றெல்லாம் நன்றாக உள்ள காசு. 61 என்பது புழக்கத்துக்கே போகாமல், அச்சுச்சாலை மூட்டையில் மற்றக் காசுகளோடு மோதி மோதி முகம் முழுவதும் வெட்டு வாங்கிய காசு. தேய்மானம் இல்லை என்ற ஒரே காரணத்தால் அது 60-ஐத் தாண்டுகிறது. என் பணத்தை நான் 58-இல் போடுவேன். நல்ல 58-களைப் பார்த்தவுடன் வாங்கிவிடுகிறேன், ஏனென்றால் மறுபடி கண்ணில் படுவதில்லை.

15. "பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து எண் போட்டுத் தருகிறார்களே, அங்கே அனுப்பலாமா?"

பி.சி.ஜி.எஸ். 1986-இலும் என்.ஜி.சி. 1987-இலும் தொடங்கிய அமெரிக்க நிறுவனங்கள். கட்டணமும் போக்குவரத்துச் செலவும் உண்டு. வி.எஃப். நிலையிலுள்ள சாதாரண ஆண்டு டாலரை அனுப்பினால் செலவே காசின் விலையைத் தின்றுவிடும். நல்ல ஆண்டு, நல்ல மேற்பரப்பு, போலி என்ற பயம் எல்லாம் சேர்ந்தால் அனுப்பலாம்.

பெட்டியில் அடைத்ததை வாங்குவதாக இருந்தால் பெட்டியும் போலியாக இருக்கலாம் என்பதை மறக்காதீர்கள். அதிலுள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் பதிவில் தேடி, அங்குள்ள படத்தோடு காசை ஒப்பிடுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஈப்போவில் ஒரு விற்பனையாளரிடம் பெட்டியை நம்பிக் காசைப் பார்க்காமல் வாங்கினேன். வீட்டுக்கு வந்து சாய்த்துப் பார்த்தபோது ஒரே திசையில் ஓடும் கீறல்கள். பெட்டியும் போலி என்று பதிவைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

16. "படம் அனுப்புகிறேன், தரம் சொல்லுங்கள் அண்ணே."

தேய்மானத்தை ஓரளவு சொல்லலாம். மினுக்கத்தைச் சொல்ல முடியாது. படத்தில் காசு சுழலாது. விளக்கின் கீழ் மெல்லச் சாய்க்கும் காணொளியாக, இரு பக்கமும் விளிம்பும் தெரிய எடுத்து அனுப்புங்கள். அப்போதும் ஒரு வரம்பைத்தான் சொல்வேன்.

17. "அப்பா விட்டுப்போன எட்டு டாலர். நாங்கள் மூன்று பேர். சண்டையில்லாமல் எப்படிப் பிரிப்பது?"

எண்ணிக்கையால் பிரித்தால்தான் சண்டை வருகிறது. முதலில் பன்னிரண்டாம் பதிலின்படி போலியை விலக்குங்கள். மிச்சத்தை எடை வகையாகப் பிரித்து வையுங்கள், ஏனென்றால் 26.95 கிராம் டாலரில் 24 கிராமுக்கு மேல் வெள்ளி, 16.85 கிராம் டாலரில் எட்டரைக்கும் குறைவு. பிறகு மூவரும் தனித்தனியாக, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல், எட்டாம் பதிலில் சொன்னபடி ஒவ்வொரு காசுக்கும் தரம் எழுதுங்கள். மூன்று தாளையும் ஒன்றாக விரித்துப் பார்த்தால் பெரும்பாலான காசுகளில் கருத்து ஒன்றாகவே இருக்கும். முரண்படும் ஒன்றிரண்டை மட்டும் கடைக்குக் கொண்டுவாருங்கள். மூவரையும் உட்காரவைத்து ஒரே விளக்கின் கீழ் பார்ப்போம். வரும்போது ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போட்டுக் கொண்டுவாருங்கள். ரப்பர் வளையம் மட்டும் போடாதீர்கள்.